உருண்டு போனவர்களுக்கு வழிவிட்ட ஊர்

ஜெர்மன் சிப்பாய்களை ஏற்றிய முதல் ரயில் ஆல்மோ ஸ்டேஷனைக் கடந்து போன வியாழக்கிழமை, ஊர் மொத்தமும் தெற்குப் பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்தது. 1940, ஜூலை மாதம். முதலில் அதைக் காட்டிக்கொடுத்தது பட்டாணி சூப். வியாழக்கிழமை என்றால் எங்களுக்குப் பட்டாணி சூப்தான், ராஜா வீடானாலும் கூலிக்காரன் வீடானாலும். அன்று மதியம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் சூப் தட்டின் தெற்கு விளிம்பைத் தாண்டி வழிந்து மேஜைவிரிப்பை நனைத்தது. வடக்கு விளிம்பில் தட்டின் நீலப்பூ காய்ந்துபோய்த் தெரிந்தது. பெண்கள் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் செய்தித்தாளை நாலாக மடித்து மேஜையின் தெற்குக் காலுக்கு அடியில் செருகினார்கள். நம் தேசம் எந்தப் பக்கமும் சாயாது என்று அந்தத் தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது மேஜைக்கு முட்டுக் கொடுக்க நன்றாகவே உதவியது.

பக்கத்து வீடான நார்வேயை ஜெர்மன்காரன் வசந்த காலத்திலேயே விழுங்கி முடித்திருந்தான். அங்கே இருக்கிற அவன் சிப்பாய்கள் விடுப்பில் ஊருக்குப் போய்வர எங்கள் தண்டவாளம் வேண்டும் என்று கேட்டான். தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்கள். இதெல்லாம் சண்டை இல்லை, அம்மாவைப் பார்க்கப் போகிற பிள்ளைகள்தானே என்று எங்களுக்கும் சொல்லப்பட்டது. வாரத்துக்கு நாலு ரயில். பத்து ரயிலுக்கு ஒரு விரற்கடை வீதம் ஊர் சாய்ந்துகொண்டே வந்தது. செப்டம்பரில் மரத்திலிருந்து விழுந்த ஆப்பிள் எதுவும் விழுந்த இடத்தில் நிற்கவில்லை. தோட்டத்து வேலிக்கு அடியில் நுழைந்து, பெரிய தெருவில் இறங்கி, தெற்குக் கோடியில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போய், நடைமேடையில் குவிந்தது. சிப்பாய்கள் ஜன்னல் வழியே கையை நீட்டி எடுத்துத் தின்றுகொண்டே போனார்கள். முட்டை விலை டஜனுக்கு இரண்டு குரோனரில் நின்றது, அதில் மாற்றமில்லை.

ஊராட்சித் தலைவர் லுண்ட்வால் கூட்டம் போட்டார். மரம் அறுக்கும் ஆலை அவருடையது. ஆற்றங்கரையில் அடுக்கியிருந்த அவருடைய கட்டைகள் ஆகஸ்டிலிருந்து தாமாகவே உருண்டு போய் ஸ்டேஷனில் நின்ற பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன; பதினோரு சுமைகூலிகளை அவர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதனால் சாய்வைப் பற்றி அவருக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. போதகரும், போலீஸ் அதிகாரி ஸ்டோலேயும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மூன்று பேரின் நாற்காலியும் பேசப் பேசத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. காலால் உந்தி உந்திப் பின்னுக்கு வந்தார்கள்.

"ஊர் சாயல" என்றார் லுண்ட்வால். "மேஜை நாற்காலிதான் ஒசரமா இருக்கு. வடக்குக் கால் எல்லாம் கூடுதலாப் போச்சு. தச்சன் ஆல்கோட்டைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லுங்க."

ஆல்கோட் நிரேன் நாற்பத்து நாலு வயதுக்காரன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், ஊரிலேயே நல்ல கை. இல்லை என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவன். அப்பா விட்டுப்போன பித்தளைத் தூக்குக் குண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனான். நூலைத் தொங்கவிட்டு, எது நேர், எது சாய்வு என்று பார்த்து, மேஜை, நாற்காலி, கட்டில், சர்ச் பெஞ்சு, பிரசங்க மேடை எல்லாவற்றுக்கும் வடக்குக் கால்களைக் கச்சிதமாக அறுத்துக் கொடுத்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊரில் சூப் சிந்துவது நின்றது. தூங்குகிறவர்கள் கட்டிலை விட்டு நகர்வதும் நின்றது. நாங்கள் சாய்ந்த ஊரில் நேராகப் படுத்துக் குறட்டை விட்டோம். அறுத்து விழுந்த துண்டுகளை அவன் கூடை கூடையாகக் கொட்டகையில் சேர்த்து வைத்தான். வேலை சுத்தமாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் அக்டோபரில் முதல் ஆள் உருண்டான். ஜெர்மன்காரனுக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த நார்வேக்காரன் ஒருவன், மூன்று நாள் நடந்த களைப்பில் போதகரின் வைக்கோல் கொட்டகையில் படுத்துக் கண்ணை மூடினான். மூடியவன் வைக்கோலிலிருந்து நழுவி, கதவைத் தள்ளிக்கொண்டு, பெரிய தெருவில் உருண்டு வந்தான். தூக்கம் கலையவில்லை. போதகர் அப்போது தபால் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். உருண்டு வருகிறவனைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி, மரியாதைக்குத் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். அவன் அவரைக் கடந்து, ஸ்டேஷன் படியில் இறங்கி, திறந்திருந்த ரயில் பெட்டிக்குள் போய் விழுந்தான். விசில் சத்தத்தில்தான் விழித்திருக்க வேண்டும், ஒரு கூச்சல் கேட்டது. போதகர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தபால்தலை வாங்கப் போனார். அன்றிலிருந்து அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. எவனாவது உருண்டு வந்தால் ஒதுங்குவது, தொப்பியை எடுப்பது. கையை நீட்டினால் ஒரு பக்கம் சேர்ந்ததாக ஆகும். காலால் தள்ளினால் இன்னொரு பக்கம் சேர்ந்ததாக ஆகும். ஒதுங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. எல்லை தாண்டி வந்தவர் தம் இயல்பான போக்கில் திரும்பிச் சென்றார் என்று ஸ்டோலே அறிக்கை எழுதி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்குள் அப்படிப் பத்தொன்பது அறிக்கை. நாங்கள் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. வெளியாருக்குச் சாய்வில்லாத நேரான படுக்கை செய்து கொடுப்பது ஒரு தரப்புக்கு உதவி செய்வதாகும், ஆகவே கூடாது என்று மட்டும் ஒரு சின்ன உத்தரவு போட்டோம். அவ்வளவுதான்.

மரச்சாமான் எல்லாம் சரியாகிவிட்ட பிறகு பாக்கி இருந்தது தச்சர்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டங்கள். எங்கே வைத்தாலும் குமிழி வடக்கே ஓடியது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. லுண்ட்வால் ஊரில் இருந்த ரசமட்டங்களை எல்லாம் வாங்கி, கண்ணாடியில் இருந்த கோட்டைச் சுரண்டிவிட்டு, குமிழி நிற்கிற இடத்தில் புதுக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது எங்கே வைத்தாலும் ஊர் நேர். தூக்குக் குண்டில் அழிக்கக் கோடு இல்லை.

"அத ஒப்படைச்சிரணும். எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒரே திசையிலதான் தொங்குது" என்றார் லுண்ட்வால், உண்மையான மனவருத்தத்தோடு. "அதுக்கு நடுநிலைங்கிறதே இல்லை."

ஆல்கோட் மூன்று ரசமட்டத்தைக் கொடுத்தான். குண்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அதைச் சமையலறை அலமாரியில் காலி காப்பி டப்பாவுக்குள் போட்டு மூடினான். காப்பிதான் ஊரிலேயே இல்லையே, ஏதோ தானியம் வறுத்த தூளை அல்லவா குடித்துக்கொண்டிருந்தோம். அந்த டப்பாவை யார் திறக்கப் போகிறார்கள்? அந்த வீரச் செயலை நினைத்து இரண்டு வாரம் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அதற்கப்புறம் மறந்துவிட்டான். புது ரசமட்டத்தை வைத்து ஜன்னல் சட்டம் செய்தான், சவப்பெட்டி செய்தான். சவப்பெட்டியில் படுக்கிறவர்கள் யாரும் வந்து குறை சொல்வதில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு விடிகாலையில் அவன் தங்கையின் கணவன் ஸ்வெர்ரே பனிச்சறுக்குக் கட்டைகளோடு வாசலில் வந்து நின்றான். தங்கை தோரா எட்டு வருஷத்துக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். ஸ்வெர்ரே அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவன்; ஜெர்மன்காரனைத் திட்டி ஒரு துண்டுத்தாள் ரகசியமாக அடித்துக்கொண்டிருந்தான், தேடி வந்துவிட்டார்கள். நாலு இரவு காட்டில் தூங்காமல் வந்திருந்தான். மீசையில் பனி கட்டியிருந்தது. தோரா மாமியாரை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வருவாள், அதுவரை இவனைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அண்ணன்கிட்ட போய்ச் சேர்ந்துட்டீங்கன்னா எனக்குக் கவலையில்ல என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆல்கோட் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு உத்தரவை மீறினான். ஸ்வெர்ரே அடுப்பருகே உட்கார்ந்து உப்பு மீனும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருக்கும்போதே, பட்டறையிலிருந்து பலகை கொண்டுவந்து சமையலறையில் அவனுக்கென்று ஒரு கட்டில் அடித்தான். வடக்குக் காலை அறுத்தான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி கோட்டுக்கு நடுவில் அழகாக நின்றது.

"எதுக்கும் ஒரு கயித்தால கட்டிரட்டுமா மாப்ள?" என்று கேட்டான்.

ஸ்வெர்ரே வாயில் உருளைக்கிழங்கோடு சிரித்தான். "என்ன மச்சான், எங்க ஊர்லதான் ஆளக் கட்டிப் போடுறான். சுதந்திர நாட்டுலயும் கட்டிக்கிட்டுத்தான் படுக்கணுமா? போங்க, வேலையப் பாருங்க."

ஆல்கோட் அம்மா நெய்த சிவப்புக் கோடு போட்ட கம்பளியை அவன்மேல் போர்த்தினான். கால் நீட்டின உடனே ஸ்வெர்ரே தூங்கிவிட்டான், ஒரு கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அலமாரி கட்டிலிலிருந்து இரண்டு எட்டுத் தூரம். காப்பி டப்பா மேல்தட்டில் இருந்தது. அதை எடுத்து ஒரு தடவை நூலைத் தொங்கவிட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. ரசமட்டம்தான் சொல்லிவிட்டதே. அவன் மூன்று மாதம் ஊருக்கு மட்டம் செய்து கொடுத்து, இரண்டு மாதம் ஊர் கொடுத்த மட்டத்தை நம்பியிருந்தவன். வெளியே பூட்டிக்கொண்டு போனால் சந்தேகம் வரும் என்று கதவைச் சும்மா சாத்திவிட்டு, லுண்ட்வால் வீட்டு ஜன்னலைச் செப்பனிடப் போனான்.

பதினொன்றரை மணிக்கு வேலை முடித்து, மாப்பிள்ளைக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு பெரிய தெருவில் மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். வெயில் அடித்தது, பனி கண்ணைக் கூசவைத்தது. முன்னால் போனவர்கள் இரண்டு பக்கமும் விலகுவது தெரிந்தது. ஓ, யாரோ வருகிறார்கள் என்று அவனும் ஒதுங்கினான், தொப்பியை எடுத்தான். உருண்டு வந்த ஆள் அவன் பூட்ஸை உரசிக்கொண்டு போனான். போன பிறகுதான் கம்பளியின் சிவப்புக் கோடு அவன் கண்ணில் பட்டது.

அட பாவி! ரொட்டியைப் போட்டான், கருவிப்பெட்டியைப் போட்டான், ஓடினான். பெட்டியிலிருந்து சிதறிய உளியும் இழைப்புளியும் சறுக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தன. "புடிங்க, யாராவது புடிங்களேன்!" என்று கத்தினான். ஊர் அவனுக்கும் மரியாதையாக வழிவிட்டது. அவன் நடைமேடைக்கு வரும்போது பெட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஸ்டோலே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நாங்க தொடவே இல்லப்பா. தானா வந்து ஏறினாரு, பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்." ஜன்னலில் ஸ்வெர்ரே எழுந்து உட்கார்ந்திருந்தான், கம்பளி தோளில் கிடந்தது. எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கிற முகம். ஆல்கோட்டைக் கண்டதும் கையைத் தூக்கினான். ஒரு கையில்தான் கையுறை இருந்தது. ரயில் போய்விட்டது. ஆல்கோட் குனிந்து பார்த்தான். தொப்பி இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து, கட்டிலுக்கு மேலே குண்டைத் தொங்கவிட்டான். கட்டில் நாலு விரற்கடை தெற்கே சாய்ந்திருந்தது. குண்டு ஆடி ஆடி நிற்கும்வரை பார்த்தான். பிறகு அந்த ரசமட்டத்தை எடுத்துப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். உடைந்தது, ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

சொன்னபடி இரண்டு வாரத்தில் தோரா வந்தாள். அவளிடம் அவன் எதையும் மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள்.

"ஒன் காலுக்குப் பக்கத்துலயா போனாரு?"

"ஆமா."

"நீ ஒதுங்கினியா?"

"தோரா, நான் பாக்கல, யாருன்னு எனக்கு..."

"யாரா இருந்தா என்ன? தொப்பியும் எடுத்தியோ?"

அவன் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தான். "நல்ல ஊருடா" என்றாள். அண்ணா என்று கூப்பிடுவதை அவள் அன்றோடு விட்டாள். அன்று அவள் படுக்கவில்லை. அடுத்த நாளும் படுக்கவில்லை. ஆல்மோவில் இனிமேல் தூங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள், தூங்கவும் இல்லை. அது அவள் உடம்பை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் அவனிடம் ஒரே ஒரு நாற்காலி கேட்டாள். அவன் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கு நூல் சரி பார்த்து, கருவாலி மரத்தில் ஒன்று செய்து கொடுத்தான். அவ்வளவு நேரான பொருளை அவன் அதற்கு முன்னால் செய்ததில்லை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய தெருவின் நடுவில் போட்டு உட்கார்ந்து, வலது காலைத் தெருவின் குறுக்கே நீட்டினாள்.

மார்ச் மாதம் ஒருவன் உருண்டு வந்தான். ஊர் ஒதுங்கியது. அவன் தோராவின் காலில் முட்டி நின்றான், முழித்தான். "எந்திரிங்க. அந்தா, பச்சைக் கதவு. அங்க ஒரு தச்சன் இருக்கான், கட்டில் செஞ்சு தருவான்" என்றாள். ஆல்கோட் செய்து கொடுத்தான், இந்தத் தடவை குண்டை வைத்து. ஸ்டோலே குண்டைப் பறிமுதல் செய்ய வந்தபோது, தர மாட்டேன் என்றான். நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லாத வார்த்தை என்பதால் அது வாயிலிருந்து மிகவும் சத்தமாக வந்துவிட்டது. ஸ்டோலே பயந்து திரும்பிப் போனார். லுண்ட்வால் நேராகத் தோராவிடமே வந்தார். சாய்ந்த தெருவில் அந்த ஒரு நாற்காலி மட்டும் நேராக நின்றதால், எங்கள் கண்ணுக்கு அது வடக்கே சாய்ந்து விழப் போவது மாதிரித் தெரிந்தது.

"அம்மணி, இந்த நாற்காலி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. ஊருக்கு அசிங்கம். பெர்லின்காரன் ரயில்ல இருந்து பாத்தா என்ன நெனைப்பான்?"

"இங்க ஒருத்தி இருக்கான்னு நெனைப்பான்" என்றாள் தோரா. அவர் அவள் நீட்டிய காலைச் சுற்றிக்கொண்டு போனார். சொந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அவர் தேடிப் பார்த்துவிட்டார். இரண்டரை வருஷத்தில் நாற்பத்தொரு பேர் அந்தக் காலில் முட்டி நின்றார்கள். கணுக்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அவள் காலை மாற்றவில்லை.

1943 ஆகஸ்டில் ஜெர்மன்காரன் தோற்கத் தொடங்கிவிட்டான் என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. உடனே எங்கள் பெரிய மனிதர்களுக்கு ரோஷம் வந்தது. இனி உன் ரயில் வேண்டாம் என்றார்கள். கடைசி ரயில் போன மறுநாள் காலை ஊர் மெல்ல நிமிர்ந்தது. பத்து மணியிலிருந்து பதினொன்றே கால் வரை ஆல்மோ நேராக இருந்தது. அந்த நேரத்தில் பலருக்குத் தலை சுற்றியது, போதகர் வாந்தி எடுத்தார். பிறகு ஊர் ஜெயிக்கிறவன் பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்து மேற்கே இருந்தாலும் எங்கள் தெரு தெற்கு வடக்காக ஓடுவதால், வேறு வழியில்லாமல் வடக்கே சாய்ந்தது. மேஜையில் இருந்ததெல்லாம் மறுபடி கொட்டியது. லுண்ட்வால் தச்சுப் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"ஆல்கோட்டு, அந்த அறுத்த துண்டெல்லாம் வச்சிருக்கியா? எல்லாத்தையும் திரும்ப ஒட்டணும்பா, இன்னும் கொஞ்சம் கூட்டி ஒட்டணும். நம்ம மனசு ஆரம்பத்துலேர்ந்தே இந்தப் பக்கம்தான, ஒனக்கே தெரியும்."

"எரிச்சாச்சு" என்றான் ஆல்கோட். "வந்தவங்களுக்குக் குளிர் காய."

லுண்ட்வால் கோபித்துக்கொள்ள நேரமில்லாமல் வெளியே ஓடினார், ஏனென்றால் அதற்குள் ஸ்டேஷன் பக்கமிருந்து எல்லாம் திரும்ப உருண்டு வரத் தொடங்கியிருந்தது. மூன்று வருஷத்தில் போனதெல்லாம் தெருவில் ஏறி வந்தது. சுருங்கிப்போன ஆப்பிள்கள், பொத்தான்கள், பால்கேன்கள், ஒரு தொட்டில், தொப்பிகள், ஆல்கோட்டின் உளி. வீட்டு வாசலில் எல்லோரும் கூடையோடு நின்று அவரவர் பொருளைப் பொறுக்கினார்கள், இது என்னுது அது உன்னுது என்று அடித்துக்கொண்டார்கள். லுண்ட்வாலின் கட்டைகளும் வந்தன. அவற்றுக்கு அவர் பணம் வாங்கியாகிவிட்டது, இருந்தாலும் வரவேற்று அடுக்கி வைத்துக்கொண்டார்.

தோரா நாற்காலியைத் தெற்குப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆல்கோட் பக்கத்தில் நின்றான்; அவள் போ என்று சொல்லவில்லை. காலையிலிருந்து வெயில் சாயும்வரை இரண்டு பேரும் ஸ்டேஷன் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தது ஒரு கையுறை. சாம்பல் நிறக் கம்பளி, கட்டைவிரலில் தோரா தைத்த ஒட்டு. மெதுவாக உருண்டு வந்தது. தெருவில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஆல்கோட் காலை நீட்டினான். கையுறை அவன் பூட்ஸில் முட்டி நின்றது. அவன் குனிந்து எடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தெரு நடுவிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். தோரா அழவில்லை. கையுறையைத் தன் வலது கையில் மாட்டிக்கொண்டு, மறுபடி ஸ்டேஷனைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு படிகளில் யாரும் வரவில்லை. சண்டை முடிந்த மறுவருஷம் தலைநகரத்திலிருந்து ஒரு மந்திரி வந்து ஊருக்குப் பதக்கம் கொடுத்தார். தஞ்சம் கேட்டு வந்த நாற்பத்தொரு பேரைத் தாங்கிப் பிடித்த, எந்தப் பக்கமும் சாயாத ஊர் என்று பித்தளைத் தகட்டில் பொறித்து ஸ்டேஷன் சுவரில் வைத்தார்கள். உருண்டு போனவர்களின் தொகைக்குத் தகட்டில் இடம் போதவில்லை. லுண்ட்வால் பேசும்போது இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆல்கோட் பதினைந்து வருஷம் கழித்து இறந்தான். தூக்குக் குண்டு தோராவுக்குப் போனது, அது நாற்காலியின் முதுகில் தொங்குகிறது. ஊர் அதற்குப் பிறகும் அவ்வப்போது, ரேடியோவில் செய்தி முடிந்த கையோடு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு விரற்கடை நகர்ந்துகொள்ளும். சூப் தட்டை அதற்கேற்பத் திருப்பி வைக்க எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். தோரா இன்னும் அதே இடத்தில்தான், தூங்காமல், கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அந்த வழியாகப் போகிற நாங்கள் காலைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போகிறோம், ஒதுங்கும்போது தொப்பியை எடுக்கிறோம். மரியாதை விஷயத்தில் எங்கள் ஊரைக் குறை சொல்ல முடியாது.